வாழைப்பழம் என்ன பாவம் செய்தது?

எடிசனில் கேட்டிருப்பீர்கள், ஃப்ரீமான்டில் கேட்டிருப்பீர்கள், பிளேனோவிலும் கேட்டிருப்பீர்கள். "டயட்ல இருக்கியா? அப்போ வாழைப்பழத்தை மட்டும் தொடாதே கண்ணா, வெயிட் போட்டுடும்." சொல்பவர் பெரும்பாலும் நம்மேல் நிஜமாகவே பாசம் உள்ள ஓர் ஆன்ட்டி. அந்த நேரத்தில் அவர் கையில் ஒரு பேப்பர் தட்டு இருக்கும். தட்டில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இதே வசனத்தை நம் வயதுக்காரர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, நமக்கு ரீல்ஸில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜிம்மில் ஒருவன் என்னிடம் வாழைப்பழத்தை "சுகர் பாம்" என்றான். சொல்லும்போது அவன் கடித்துக்கொண்டிருந்தது சாக்லேட் பூசிய புரோட்டீன் பார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைக்க நினைக்கும் யாருக்கும், சாதாரணமாக, வாழைப்பழம் எதிரி இல்லை. அதை எதிரியாக்கியது நமக்கு வசதியாக இருந்ததால்தான். தட்டில் இருப்பதிலேயே எளிதாக விட்டுவிடக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் வசதி அது.

கணக்கைப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழம், தோல் நீக்கினால், சுமார் 118 கிராம். அதில் 105 கலோரி. மாவுச்சத்து 27 கிராம், அதற்குள் சர்க்கரை 14 கிராம், நார்ச்சத்து 3 கிராம். பொட்டாசியம் 420 மில்லிகிராம் அளவுக்கு. கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. இனி நம் வீட்டு அளவுகளுக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி நெய், 110 கலோரிக்கு மேல். அதாவது பருப்பு சாதத்தின் மேல் "வாசனைக்கு" விடும் நெய் ஒரு முழு வாழைப்பழத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரு கப் வெள்ளைச் சோறு, சுமார் 200. நாம் யாரும் ஒரு கப்போடு நிறுத்துவதில்லை. நேந்திரம் சிப்ஸ் 28 கிராம், அதாவது டிவி பார்த்துக்கொண்டே அள்ளும் ஒரு கை, 150 பக்கம். அதுவும் வாழைதானே என்கிறீர்களா? எண்ணெயில் குதித்துக் கரையேறிய வாழை.

'கரகாட்டக்காரன்' பார்க்காத வீடு நம்மில் இருக்காது. 1989-இல் வந்த படம், நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே. இரண்டு பழம் வாங்கக் காசு வாங்கிப் போன செந்தில், ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றையே காட்டிக் கணக்கு முடிப்பார். நம் வீட்டுக் கலோரிக் கணக்கும் அதே மாதிரிதான். மத்தியானம் சாப்பிட்ட மூன்று கரண்டி சோறும், நாலு மணி மிக்சரும், காபியில் போட்ட சர்க்கரையும் எங்கே என்று கேட்டால், எல்லோரும் அந்த ஒரு வாழைப்பழத்தையே காட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கின் உச்சம் எது தெரியுமா? பனானா பிரெட்.

பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலோ, லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலோ, பேர்லாண்ட் மீனாட்சி கோயிலோ, எங்கே போனாலும் அர்ச்சனைத் தட்டில் தேங்காயோடு வாழைப்பழம் உண்டு. பிரசாதம், தூக்கிப் போட முடியாது. வீட்டுக்கு வரும். டயட்டில் இருப்பதால் யாரும் தொட மாட்டார்கள். கிச்சன் கவுண்டரில் மூன்று நாள் உட்கார்ந்து கறுக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோ நாமோ மனம் கேட்காமல் அதை எடுத்து மசிப்போம். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். மூன்று பழம், 315 கலோரி. அதோடு ஒரு ஸ்டிக் வெண்ணெய், 800. ஒரு கப் சர்க்கரை, 770. இரண்டு கப் மைதா, 900. இரண்டு முட்டை, 140. மொத்தம் 2,900-த்தைத் தாண்டுகிறது. பத்துத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 290. அதில் வாழைப்பழத்தின் பங்கு முப்பத்திச் சொச்சம். பழமாக இருந்தபோது தொடாதவர்கள் எல்லோரும் இப்போது காபியோடு இரண்டு துண்டு எடுத்துக்கொள்வார்கள். "ஹோம்மேட்தானே!"

ஸ்மூத்தியும் இதே ஜாதிதான். இரண்டு பழம், இரண்டு கரண்டி பீனட் பட்டர், ஒரு கப் முழுக்கொழுப்புப் பால், கொஞ்சம் தேன். 600 கலோரி சுலபமாக வந்துவிடும், நான்கு நிமிடத்தில் குடித்துமுடிக்கலாம். எடை ஏறினால் பழி யாருக்கு? பெயரில் முதலில் இருப்பவருக்கு.

இந்தப் பழத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. நம் ரீல்ஸ் குருக்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, இதே அமெரிக்காவில், வாழைப்பழம்தான் எடை குறைக்கும் உணவு. 1934-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜ் ஹாரப், உடல் பருமனுக்கு வாழைப்பழமும் ஆடை நீக்கிய பாலும் என்று ஓர் உணவுமுறையை மருத்துவ இதழில் எழுதினார். மத்திய அமெரிக்காவில் தோட்டங்களை வைத்துக்கொண்டு இங்கே பழம் விற்ற யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி சும்மா இருக்குமா? விளம்பரத்துக்கு அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. மெலிந்தவர்கள் மெலிந்ததற்குக் காரணம் எளிது. நாள் முழுக்கச் சில பழமும் தண்ணிப் பாலும் மட்டுமே என்றால் யார்தான் மெலிய மாட்டார்கள்?

பிறகு 2008. ஜப்பானில் ஹிதோஷி வதனாபேயும் மருந்தாளுநரான அவர் மனைவியும் உருவாக்கிய 'காலை வாழைப்பழ டயட்' புத்தகமாக வந்து ஊரைக் கலக்கியது. காலையில் வாழைப்பழமும் சாதாரணத் தண்ணீரும், அவ்வளவுதான். ஒரு பாடகி தொலைக்காட்சியில் வந்து தான் மெலிந்த கதையைச் சொன்னதும் கடைகளில் வாழைப்பழத் தட்டுப்பாடே வந்துவிட்டது. அந்த டயட்டின் மற்ற விதிகளைப் பாருங்கள்: இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, நள்ளிரவுக்கு முன் தூக்கம். எது வேலை செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

1934-இல் மருந்து, 2008-இல் மந்திரம், இன்றைக்கு விஷம். இத்தனைக்கும் பழத்தில் இருக்கும் சர்க்கரையும் நாரும் மாறவில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் நமக்கு எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விற்பது கீட்டோ பவுடரும் புரோட்டீன் பாரும். ஒரு வாழைப்பழம் 19 சென்ட் என்று டிரேடர் ஜோஸ் வருடக்கணக்காக விற்று, 2024-இல்தான் 23 சென்ட் ஆக்கியது. அதைப் புகழ்ந்து ரீல்ஸ் போட்டால் எந்த ஸ்பான்சர் காசு கொடுப்பார்?

எதிர்க்கட்சி வாதத்தையும் ஒழுங்காகக் கேட்டுவிடுவோம், அதில் நியாயமும் இருக்கிறது. "நாம தெற்காசியர்கள். நமக்கு டயாபிடிஸ் சீக்கிரம் வரும். அதனால சர்க்கரை உள்ள பழம் வேண்டாம்." முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. பே ஏரியாவிலும் சிகாகோவிலும் வாழும் 906 தெற்காசியர்களை வைத்து 2010-இல் மசாலா என்ற ஆய்வு தொடங்கியது. (ஆமாம், நிஜமாகவே அதன் சுருக்கப் பெயர் அதுதான்.) நாற்பது வயதைக் கடந்தவர்கள், அதாவது நம் அப்பா அம்மா தலைமுறை. அவர்களில் நூற்றுக்கு சுமார் 23 பேருக்கு நீரிழிவு. இன்னோர் ஆய்விலிருந்து ஒப்பிட எடுத்த வெள்ளையர்களில் 6 பேருக்கு. பயப்பட வேண்டிய எண்தான், நானும் பயப்படுகிறேன்.

ஆனால் மூன்றாவது வாக்கியத்துக்கு எப்படித் தாவினோம்? 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, அமெரிக்க நர்ஸ்களும் மற்ற மருத்துவப் பணியாளர்களுமாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் பல வருடம் பின்தொடர்ந்தது. முழுப் பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்தது, ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. வாழைப்பழம் குறைவாக வந்த பட்டியலில்தான் இருந்தது. ப்ளூபெர்ரி அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான், ஆனாலும் அந்தப் பக்கம். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதையும், இது காரணத்தை நிரூபிக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வாழைப்பழத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தச் சாட்சி உதவாது என்பதுதான் என் வாதம்.

யாரை ஏற்றலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை மோகன் டயாபிடிஸ் ஆராய்ச்சிக் குழுவோடு நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 2023-இல், இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று சொன்னது அதுதான். அந்த ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த மாவு, சேர்த்த சர்க்கரை. அந்தத் தட்டுதான் விமானம் ஏறி ஜே.எஃப்.கே.யில் இறங்கியது. இங்கே வந்ததும் நடை போய் கார் வந்தது, அவ்வளவே. அரிசியைக் குறை என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும். பாட்டி அழுவார். "தமிழன் சோறு சாப்பிடாம என்னத்த சாப்பிடுவான்" என்று அப்பா கேட்பார். வாழைப்பழத்தை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதற்காக அழ யாரும் இல்லை. அதோடு, சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்ட பொங்கல் "ஹெல்தி" என்று நம்பும் வீடுகள் இவை. கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தெரியுமா?

சில பேருக்கு வாழைப்பழத்தில் கவனம் வேண்டும், அதையும் சொல்லாவிட்டால் தப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் அந்த 27 கிராமையும் கணக்கில் சேர்க்க வேண்டும், கொஞ்சம் காய்வெட்டான பழமாக, பாதியாக எடுத்துக்கொள்ளலாம். நிஜமாகவே கீட்டோவில் இருப்பவருக்கு ஒரு பழத்திலேயே ஒரு நாள் கோட்டா ஏறக்குறைய முடிந்துவிடும், அது அவர் தேர்வு. மற்றபடி, முழுச் சாப்பாட்டுக்கும் மேலே இரண்டு பழம் தின்றால் எடை ஏறத்தான் செய்யும். ஆப்பிளானாலும் அப்படித்தான். நாலு மணிக்குப் பசிக்கும்போது மிக்சர் டப்பாவுக்குப் பதில் ஒரு வாழைப்பழம் என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

எனக்கு இதில் கோபம் வரும் இடம் வேறு ஒன்று. என் தங்கை வயதுப் பெண்கள், பதினான்கு, பதினைந்து. "குண்டாயிட்டியே" என்று ஹாலுக்கு நடுவில் நின்று சொல்லும் அதே வாய்தான் "பழம் சாப்பிடாதே" என்றும் சொல்கிறது. அந்தப் பெண் பழத்தை விடுகிறாள். அடுத்து சோற்றை விடுகிறாள். அடுத்து லஞ்சையே விடுகிறாள், ஸ்கூலில் யாருக்கும் தெரியாமல். ஒரு பழத்தைப் பார்த்து குற்ற உணர்வு வர ஆரம்பித்தால் அதை டயட் என்று சொல்லக் கூடாது, அதற்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். இந்த வரியைப் படித்து உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்தால், அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள்.

டயாபிடிஸ் பயம் உண்மை என்றால் அதற்கு உருப்படியான ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இலேயே சொல்லிவிட்டது: ஆசிய வம்சாவளிப் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 23 என்றாலே பரிசோதனை, மற்றவர்களுக்குப் போல 25 வரை காத்திருக்க வேண்டாம். பல டாக்டர்களுக்கு இது நினைவில் இருக்காது, ஒல்லியாகத் தெரியும் நம்மைப் பார்த்து "யூ ஆர் ஃபைன்" என்று அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு தாண்டியவர்கள் அடுத்த செக்கப்பில் ஏ1சி பரிசோதனையை வாய் திறந்து கேளுங்கள். அப்பா அம்மாவையும் கேட்கச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாத சர்க்கரையின் சராசரியை அது காட்டிவிடும், வாட்ஸ்அப் ஃபார்வர்டு காட்டாது.

சரி, ஆன்ட்டியின் தட்டு. போன தீபாவளி விழாவில் நான் பார்த்தது: இரண்டு சமோசா, ஒரு குலாப் ஜாமுன், ஒரு மைசூர்பாகு, ஓரத்தில் கொஞ்சம் முறுக்கு. பக்கத்தில் பேப்பர் கப்பில் மாம்பழ லஸ்ஸி. அவரைக் குறை சொல்லவில்லை, என் தட்டிலும் அதேதான் இருந்தது. அந்த மேஜையில் வேறு எதுவும் கிடையாது. தமிழ்ச் சங்கத்து அங்கிள்களே, நீங்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. பொங்கல் விழாவுக்கு வாசலில் கட்டப் பிளாஸ்டிக் வாழைமரம் ஆர்டர் செய்வீர்களே, அதோடு ஐம்பது வாழைப்பழமும் வாங்கி ஸ்நாக்ஸ் மேஜையில் வையுங்கள். 23 சென்ட் விலைக்கு மொத்தம் பதினொன்றரை டாலர்.