ஓட்டியவர் மட்டுமா?

தோழா!

விடிந்ததும் ஏட்டைப் பிரிக்கிறாய். உள்பக்கத்து மூலையில் ஒரு செய்தி ஒதுங்கிக் கிடக்கிறது. தறிகெட்டு ஓடிய லாரி மோதிற்று, பிரேக் பிடிக்கவில்லை, ஓட்டுநர் கைது. மூன்றே வரி. மூன்று வரியில் முடிந்துவிடுகிறது ஒரு குடும்பத்தின் கதை. சில நாட்களில் மூன்று குடும்பங்களின் கதை. பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார்களே, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார்களா? கைதானவர் பெயர் இருக்கிறது. அந்த வண்டியை அந்த நிலையில் சாலைக்கு அனுப்பியவரின் பெயர் இருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கிடைக்காது.

தொப்பூர்க் கணவாயை நீ அறிவாய். தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கி வரும் நெடுஞ்சாலை அங்கே மலையிடுக்கில் சரிந்து இறங்குகிறது. 2020 டிசம்பரில் சிமெண்டு ஏற்றிவந்த லாரி ஒன்று அந்த இறக்கத்தில் முன்னே நின்ற வண்டிகளின்மேல் அடுத்தடுத்து மோதி உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரியில் அதே கணவாயில் மீண்டும் மோதல், மீண்டும் மரணம். அவற்றுக்கெல்லாம் இன்னதுதான் காரணம் என்று தீர்ப்புக் கூற நான் நீதிபதியல்ல. ஆனால், இறக்கம் என்பது லாரியிடம் ஒரு கேள்வி கேட்கிறது. சமவெளியிலே மறைத்துவைத்த நோயை எல்லாம் மலைச்சரிவிலே வெளியே கொட்டிவிடுகிறது.

பதினெட்டு டன் எடை சரிவிலே இறங்குகிறது என்று வைத்துக்கொள். அந்த வேகத்தை அடக்கும் வேலை பிரேக்குக்கு. அடக்கப்பட்ட வேகம் எங்கே போகிறது? வெப்பமாகிறது. இரும்பு டிரம் காய்கிறது, விரிகிறது. உள்ளே உராயும் லைனிங் தன் பிடியை இழக்கிறது. மிதிக்க மிதிக்கக் கால்தான் கீழே போகிறது, வண்டி நிற்பதில்லை. அதனால்தான், ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள் பழகிய ஓட்டுநர்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்குச் சுமை குறையும். இதை அறியாதவரா நம் ஓட்டுநர்? அறிந்தவர்தான். அறிந்திருந்தும் சிலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள். எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குவோரும் உண்டு. எஞ்சின் நின்றால் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியில் உள்ள காற்று குறைந்துகொண்டே வரும். ஸ்டீயரிங் கல்லாய் இறுகும். ஏன் செய்கிறார்? ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்து, கூடுதலாய்ச் செலவானால் கூலியில் பிடிக்கும் கணக்குப்பிள்ளை ஒருவர் ஊரில் உட்கார்ந்திருக்கிறார். காலால் பிரேக்கை மிதிப்பவர் இவர். கணக்கால் இவரை மிதிப்பவர் அவர்!

இதையெல்லாம் நான் ஏட்டுப் படிப்பால் அறிந்தவனல்லன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான் என்பது உனக்குத் தெரிந்ததே. என் பாடம் லாரியிலே நடந்தது. நாடகக் குழுவென்றால் திரைச்சீலையும் தட்டிகளும் ஒலிபெருக்கியும் ஊர் ஊராய்ப் போக வேண்டுமே! சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் நாடகம். மறுநாள் மாலை நாமக்கல்லில் மேடை. இரவு ஒரு மணிக்கு வேடம் கலைத்துச் சாமான்களை ஏற்றி முடித்தோம். ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர், சங்ககிரிப் பக்கத்துக்காரர். கையிலே ஒரு இரும்புக் கம்பி, இன்னொரு கையிலே டார்ச்சு. பின் சக்கரங்களை ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போனார். பிறகு எஞ்சினை ஓட்டிக் காற்றேற்றி, அணைத்துவிட்டு, காதைச் சாய்த்து நின்றார். வண்டிக்கு அடியிலே படுத்துப் புகுந்தார். வெளியே வந்தவர் சொன்னார்:

"வண்டியை எடுக்க முடியாது தம்பி. பின்னாலே காற்று போகிறது. பட்டறை திறக்கட்டும்."

சினம் வந்தது எனக்கு. மேடை காத்திருக்கிறது, மக்கள் காத்திருப்பார்கள் என்று வாதாடினேன். வண்டி முதலாளியைத் தொலைபேசியில் எழுப்பினேன். மெல்ல வந்துவிடச் சொல்லுங்கள், இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவரும். ஓட்டுநர் அசையவில்லை. "தொப்பூர் இருக்கிறது தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு தார்ப்பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

காலையில் பட்டறையிலே கழற்றிப் பார்த்தபோது, சக்கரத்தருகே காற்றின் விசையை வாங்கிப் பிரேக்கைத் தள்ளும் குடுவைக்குள்ளே ரப்பர்த் தகடு கிழிந்திருந்தது. பெரிய செலவில்லை, ஒரு மணி நேர வேலை. நாமக்கல்லில் நாடகம் இரண்டு மணி தாமதமாகத் தொடங்கிற்று. அந்த நாடகத்திலே ஒரு காட்சி: ஆலைத் தொழிலாளி முதலாளியைப் பார்த்து, உன் இலாபத்துக்கு என் உயிரா விலை என்று கேட்பான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வசனம் எழுதியவன் நான். முந்திய இரவு அதே கேள்வியைச் சொல்லில்லாமல் கேட்டவரிடம் சீறி விழுந்தவனும் நான். தாமதத்துக்குத் தண்டனையாக அவருடைய ஒரு நாள் பேட்டாவை முதலாளி பிடித்துக்கொண்டார் என்பதும் ஒரு மாதம் கழித்தே என் காதுக்கு வந்தது.

அவர் கம்பியால் தட்டியதன் பொருளை அன்று காலைத் தேநீர்க்கடையில் கேட்டறிந்தேன். பின்னால் இரட்டைச் சக்கரம். உள் டயரில் காற்று இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் தெரியும். காற்றுள்ள டயர் கம்பியைத் திருப்பியடிக்கும். இல்லாத டயர் 'தொப்'பென்று அடங்கும். ஒன்று இறங்கினால் பக்கத்து டயர் இரண்டின் பாரத்தையும் தாங்கும், சூடேறும், வெடிக்கும், சில வேளை தீயும் பிடிக்கும். சக்கர நட்டுகளைச் சுற்றித் துரு வழிந்த கோடு இருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். காற்றுத் தொட்டியின் அடியிலே நீர் சேரும். நாள்தோறும் திறந்து வடிக்க வேண்டும், இல்லையேல் அந்த நீர் வால்வுகளை அரிக்கும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. ரீட்ரெடு செய்த டயரை முன் சக்கரத்துக்குப் போடலாகாது என்பது அவர் தாமே வகுத்துக்கொண்ட விதி. விளக்கு, பின்புறத்து ஒளிரும் பட்டை, ஸ்டீயரிங்கின் ஆட்டம், ஸ்பிரிங் பட்டையில் விரிசல், தரையிலே சொட்டிய எண்ணெய், சுமையைக் கட்டிய கயிறு, எல்லாம் சேர்த்து வண்டியை ஒரு முறை சுற்றி வரக் கால் மணி நேரம். புறப்படுமுன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். நான் சிரித்தேன். "குனிந்துதானே வைக்கிறேன்? குனிகிறபோது டயரையும் பார்த்துவிடுவேன்" என்றார். பகுத்தறிவு பேசும் நான் அதற்கு மறுமொழி இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அரசாங்கம் சோதிக்கவில்லையா என்று கேட்பாய். சோதிக்கிறது. எட்டு ஆண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு முறை, தகுதிச் சான்று பெற வேண்டும். எஃப்.சி. என்று ஊரே சொல்லும் திருவிழா அது! நாடகக்காரன் நான், வேடம் போடுவதை ஒரே பார்வையில் கண்டுகொள்வேன். எஃப்.சி. நாளன்று சில லாரிகள் போடும் வேடத்தை எங்கள் ஒப்பனையாளர்கூடப் போட்டதில்லை. புதுப் பூச்சு, புது விளக்கு, இரவல் டயர். ஒரு நாள் ராசா! சான்று கையில் வந்த மறுநாள் இரவல் டயர் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். பழைய மொட்டை டயர் அரியணை ஏறிவிடும். எல்லோரும் அப்படியென்று சொல்லேன். கடன் தவணைக்கும் டீசலுக்கும் சுங்கச் சாவடிக்கும் இடையே நசுங்கியபடி, வண்டியைப் பெற்ற பிள்ளைபோல் பேணும் ஒற்றை லாரி உரிமையாளர்கள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் எத்தனையோ பேர். ஆனால், ஆண்டின் 365 நாளில் ஒரு நாள் காட்டும் முகத்துக்குத் தரப்படும் சான்று, மீதி 364 நாளுக்கும் காவல் நிற்குமா?

சட்டம் என்ன சொல்கிறது பார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு. ஆபத்தை விளைவிக்கத்தக்க பழுதோடு வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுபவர் குற்றவாளி என்பதோடு அது நிற்கவில்லை. ஓட்டச் செய்பவரும் குற்றவாளி. ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி. பழுது தெரியாது என்று கைவிரித்துத் தப்பவும் வழியில்லை. சாதாரணக் கவனத்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடியதாக இருந்தால் போதும். அளவுக்குமேல் பாரம் ஏற்றுவதைத் தண்டிக்கும் 194ஆம் பிரிவும் அதே மூவரைத்தான் சுட்டுகிறது; 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சட்டத்தின் ஏட்டிலே மூவர். செய்தித்தாளின் ஏட்டிலே ஒருவர்! மற்ற இருவர் எந்தத் திரைக்குப் பின்னே மறைந்தார்கள்?

2025 வரை இன்னொரு சட்டமும் இருந்தது, தூசி படிந்து கிடந்தது: 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனத்தில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து ஐந்து மணிக்குமேல் ஓட்டவிடாது அரை மணி ஓய்வு. லாரி ஓட்டுநரிடம் இதைச் சொல்லிப் பார், நம்மைக் கேலி செய்கிறாய் என்றெண்ணுவார். கிளீனர் இல்லாமல் தனி ஆளாய் இரவெல்லாம் ஓட்டிவந்து, விடியலில் சரக்கை இறக்கி, அடுத்த சரக்குக்கு ஓடுபவரிடம் கால் மணி நேரம் வண்டியைச் சுற்றிப் பார் என்று அறிவுரை சொல்வது எளிது. அந்தக் கால் மணிக்குக் கூலி யார் தருவது? அமெரிக்காவிலே, வண்டி பாதுகாப்பான நிலையில் இருக்கிறதென்று தான் மனநிறைவு கொண்ட பின்னரே ஓட்டுநர் அதை எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று ஆணையிட்டார்கள், வரவேற்போம். உடலுக்குக் குளிர்ச்சி தந்தவர்கள், 'எடுக்க முடியாது' என்று சொல்லும் வாய்க்கும் காவல் தரட்டும். சொன்னவரின் பேட்டாவைப் பிடிக்கக்கூடாது, வேலையைப் பறிக்கக்கூடாது என்று எழுதட்டும். எழுதும்வரை கேட்போம்.

கேட்பதற்கு முன் நம் கையிலே இருப்பதைச் செய்வோமா? மாநாட்டுக்கு வண்டி பிடிக்கும் பொறுப்பு கிளைக் கழகங்களுக்கு வரும். வாடகை எவ்வளவு, குறைக்க முடியுமா என்று பேரம் பேசுகிறாய். சரக்கு லாரியிலே மனிதரை ஏற்றாதே. அது சட்டத்துக்கும் மாறு, அறத்துக்கும் மாறு. பந்தல் சாமான் ஏற்றப் பிடிக்கும் லாரியாயினும் டயரைப் பார். தகுதிச் சான்றின் தேதியைப் பார். ஓட்டுநர் நேற்றிரவு உறங்கினாரா என்று கேள். கொடிக்கம்பு ஒரு மணி தாமதமாக வந்தால் மாநாடு குலைந்துவிடாது. லாரி வைத்திருக்கும் தோழர்களே, உங்களிடம் தனியாகவே கேட்கிறேன்: பட்டறையில் நின்ற நாளுக்கு ஓட்டுநருக்குப் பேட்டா உண்டா, இல்லையா?

கேட்கும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சங்ககிரி ஓட்டுநருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு நாள் பேட்டாவை நான் இன்னும் கொடுக்கவில்லை. வரும் மாதம் தருமபுரியில் நாடகம். அவர் ஓட்டும் வண்டிதான் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். புறப்படும் நேரத்தை அவரே சொல்லட்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.