இல்லம் இனிதாக: வீட்டுக்குள் ஒரு கடல்

நன்னீரில் அழகு மீன்களை வளர்த்துப் பழகிய பிள்ளைகள், கடல்மீன் தொட்டியும் வேண்டுமென்று பெற்றோரை வற்புறுத்துவதுண்டு. கேட்டவுடன் வாங்கித் தருமுன் அறிய வேண்டியவை சில உள.

முதலாவது, பொறுமை. தொட்டி வந்த நாளிலேயே மீன்களை விடுவது அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாள்தோறும் சிறிதளவு மீன் உணவை மட்டும் இட்டு வந்தால், இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீரில் இல்லையெனச் சோதித்தறிந்த பின்னரே ஓரிரு மீன்களை விடுக.

இரண்டாவது, உப்பு. சமையல் உப்பு இதற்கு உதவாது. மீன் கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பதே கடலின் அளவு; ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.025 காட்டும். நீர் ஆவியாகும், உப்போ ஆவியாகாது. ஆகவே, குறையும் நீரை நன்னீரால் மட்டுமே நிரப்புக. 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் உப்புநீர் ஊற்றி வந்தால், பத்தே நாளில் 350 கிராம் உப்பு மிகுந்து, 35 என்பது 38.5 ஆகிவிடும்.

மூன்றாவது, வெப்பம். 24 முதல் 27 பாகை செல்சியஸ் நன்று. கோடையில் நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி சுழலட்டும். மின்தடை நேரத்துக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய்ப் பொறி ஒன்று அவசியம். இரு வாரங்களுக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. மாற்றும் நீர் மட்டும் அதே அளவு உப்புடையதாக இருத்தல் வேண்டும்.

நான்காவது, நேர்மை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001 முதல் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. ஆதலால், கடலிலிருந்து பெயர்த்த பவளத்தை எவர் மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது. தொட்டியை அலங்கரிக்கச் சுட்டமண் கற்கள் போதும். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீனையே கேட்டு வாங்குக.

தொட்டியிலுள்ள உயிர் தன் குறையை வாய்திறந்து சொல்ல இயலாது. நாள்தோறும் கவனிக்க வீட்டில் ஒருவர் உறுதியேற்றால் மட்டுமே தொட்டி வாங்குங்கள். இல்லையேல், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதே மேல்.