எதிர்ப்புச் சக்தி எந்தக் கடையில்?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு இருவர் இருமுகிறார்கள். உடனே மருந்துக்கடைக்கு ஆள் ஓடுகிறது. "சளிக்கு நாலு மாத்திரை" என்று கேட்டால், டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்? அட்டையிலிருந்து ஆன்டிபயாட்டிக் நாலைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே, "எதிர்ப்புச் சக்தி பெருகும்" என்று முகப்பில் அச்சிட்ட புட்டி ஒன்றையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு வியாபாரத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

ஜலதோஷத்தையும் இன்புளுயன்ஸாவையும் உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, வைரஸை ஒன்றும் செய்யாது. இது பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பாடம். ஆனால் அந்த மாத்திரை சும்மா இருக்கிறதா என்றால், இல்லை! குடலுக்குள் இறங்கி, அங்கே கோடானுகோடியாய்க் குடியிருந்து நமக்கு ஊழியம் செய்துவரும் பாக்டீரியாக்களை வெட்டிச் சாய்க்கிறது. எதிரியை விட்டுவிட்டு நண்பனை அடிக்கிறது.

குடலில் நடப்பதற்கும் மார்புச் சளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிரம்பச் சம்பந்தம் உண்டு. 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தார்கள். பிறகு இன்புளுயன்ஸா வைரஸை ஏற்றினார்கள். அந்த எலிகளின் உடல் வைரஸை எதிர்த்துத் திரட்டும் படை மெலிந்து போயிற்று; நுரையீரலில் வைரஸ் மிகுந்தது. எலியின் கதை மனிதனுக்கு ஆகுமா? நியாயமான கேள்விதான். 2019-ல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில் ஆரோக்கியமான மனிதர்களே ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு, இன்புளுயன்ஸா தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். குடல் பாக்டீரியாத் தொகை பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த நோயோடு முன்பழக்கம் குறைந்திருந்தவர்களின் உடலில் தடுப்பூசி உண்டாக்க வேண்டிய எதிர்ப்பும் குன்றியது. ஐந்தே நாள் மாத்திரை!

இனி, அந்தக் குடிகளுக்கு நாம் போடும் சோற்றைப் பார்ப்போம். தவிட்டிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்து நம் வயிற்றில் செரிப்பதில்லை. அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை இரத்தத்தில் கலந்து, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் காவல் அணுக்களின் குணத்தையே மாற்றுகின்றன. 2018-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள், நார்ச்சத்து மிகுந்த தீனி தின்ற எலிகள் இன்புளுயன்ஸாவைக் கூடுதலாகத் தாங்கியதைக் கண்டார்கள். வைரஸ் தாக்கிய செல்லை அழிக்கும் அணுக்கள் சுறுசுறுப்படைந்தன. நுரையீரலையே புண்ணாக்கிவிடும் வெறிகொண்ட அழற்சியோ தணிந்தது. இதுவும் எலிதான், மறைக்கவில்லை. கம்பங்கூழ் குடித்தவனுக்குக் காய்ச்சலே வராது என்று நாம் சொல்லவில்லை. தடுப்பூசி வேண்டாம் என்று சொல்பவன் பேச்சைக் கேட்கவும் சொல்லவில்லை.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனை 2017-ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு ஏழு நாள் மட்டும் ஒரு நல்ல பாக்டீரியாவையும் அதற்கு இரையான சர்க்கரைப் பொருளையும் கொடுத்தார்கள்; மறு சாராருக்கு வெறும் மாவு. அறுபது நாள் கவனித்தார்கள். வெறும் மாவு பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேர் இரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளாயினர், மற்றவரில் 5.4 பேர். மார்புச் சளி நோயும் குறைந்தது. அது பல ஆண்டு தேடித் தேர்ந்த ஒரே இனம். குறைந்தது இரண்டு கிலோ எடையோடு பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குக் கொடுத்தது. அதைக் காட்டி எந்தப் புட்டியையும் விற்கலாம் என்பது மோசடி. குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருள்களால் ஆபத்து நேரலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரித்தது.

2020-ல் கொரோனா வந்தபோது பார்த்தோமே! வேலையிழந்து நின்ற மக்களிடம் கஷாயப் பொடியும் சத்துமாத்திரையும் என்ன விலைக்கு விற்றன! களி தின்பவன் என்று ஒரு காலத்தில் ஏழையை ஏளனம் செய்தவர்கள், இன்று அதே கேழ்வரகை வண்ணப் பொட்டலத்தில் அடைத்துப் பணக்காரப் பண்டமாக்கிவிட்டார்கள். ஏழைக்கு மிஞ்சியது தீட்டிய வெள்ளரிசி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனியும் 25 கிராம் நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர் நால்வர் உள்ள வீட்டில் தினம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய்கனி! கூலி வேலைக்குப் போகிறவர் இன்றைய சந்தை விலையில் இதை எப்படி வாங்குவார்? உபதேசிக்கும் நிபுணர்கள் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும்.

2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு புன்செய்த் தானியமும் எழுதப்பட்டிருக்கிறது. கடைக்கு வருவதோ பெரும்பாலும் முதல் இரண்டுதான். பருப்பு அந்தச் சட்டத்திலேயே இல்லை. தமிழ்நாடு 2007-லேயே ரேஷன் கடையில் மலிவு விலைத் துவரம்பருப்பைக் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தால் முடிந்ததை மத்திய சர்க்கார் சட்டமாக்கத் தயங்குவானேன்? கேழ்வரகையும் கம்பையும் விவசாயியிடம் நல்ல விலைக்கு வாங்கி, அரிசியைக் குறைக்காமல், அதற்கு மேலாகக் கொடுக்கட்டும். பள்ளிச் சாப்பாட்டில் சுண்டலும் கீரையும் கூடட்டும்.

மருந்துக்கடை விஷயத்தில் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. 2014 முதல், குறிப்பிட்ட பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது; விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டின்றித் தரக்கூடாத மருந்து என்று மக்கள் அறிய அட்டையில் சிவப்புக் கோடு உண்டு. அதைப் பற்றி 2016-ல் பிரசாரமும் நடந்தது. கோடு போட்டாகிவிட்டது, பதிவேடும் திறந்தாகிவிட்டது. அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க இன்ஸ்பெக்டர்களை எப்போது அனுப்பப் போகிறார்கள் என்று சுகாதார மந்திரிகளைக் கேட்கிறோம்.