பதினெட்டு வயது வாக்காளரும் பிறப்புப் பத்திரத்தின் ஒரு வரியும்



தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நம்முடைய இயக்கங்கள் இளைஞர்களைத் தேடிப் புறப்படுகின்றன. "வாக்காளராகப் பதிந்துவிட்டாயா?" என்று இன்னமும் பலர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இக்கேள்விக்கு இப்போது வேலையில்லை. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்ததோடு வாக்காளர் பதிவையும் தானாகவே நடைபெறச் செய்தது. 2021 டிசம்பர் 15ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. அதற்குமுன் அஞ்சலகத்திற்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்திற்கோ சென்று படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியதற்கு இம்மாற்றமே காரணம்.

ஆயினும், 'தானாகவே' என்னும் சொல் நம்மை மயக்கிவிடக் கூடாது. தேர்தல் ஆணையம் வீடு வீடாக வந்து பெயர் எழுதுவதில்லை. தேசியப் பதிவிலாகாவின் ஏட்டில் குடிமகன் என்று பதிவாகியுள்ள ஒருவருக்குப் பதினெட்டு வயது நிறையும்போது, அங்கிருந்துதான் அவர் பெயர் வாக்காளர் பட்டியலுக்குச் செல்கிறது. அந்த ஏட்டில் குடிமகனாக இல்லாத பிள்ளைக்குத் தானாகவே எதுவும் நடவாது. ஆகவே, புதிய வாக்காளருக்கு உதவுவது என்றால் இன்று அடையாள ஆவணம் பெற உதவுவதுதான். அந்த உதவியைப் பதினெட்டாம் வயதில் தொடங்குவது மிகவும் காலந்தாழ்ந்த செயல். அது தொடங்க வேண்டிய இடம் தமிழ்ப்பள்ளி என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவருகின்றனர். நாம் பெயரைப் பார்க்கிறோம், பிறந்த நாளைப் பார்க்கிறோம், நகலைக் கோப்பில் வைத்துவிடுகிறோம். அதே தாளில் குடியுரிமை நிலையைக் குறிக்கும் வரி ஒன்று இருக்கிறது. 'வார்காநெகாரா' என்றிருந்தால் கவலையில்லை. 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர் என்றிருந்தால், அப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் நீலநிற அடையாள அட்டை கிடைக்காது. பதினெட்டு வயதில் வாக்கும் கிடைக்காது. சில பத்திரங்களில் தந்தையைப் பற்றிய தகவல் பெறப்படவில்லை என்றே எழுதப்பட்டிருக்கும். மலாய்மொழியில் உள்ள அவ்வரியின் பொருள் தெரியாமல், பத்திரம் இருக்கிறது, அதுவே போதும் என்று நம்பியிருக்கும் பெற்றோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வரியைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய முதல் ஆள், பெரும்பாலும், வகுப்பாசிரியராகிய நாமே.

இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுக் குடிமகனைத் தந்தையாகக் கொண்ட பிள்ளை எப்படிக் குடிமகன் அல்லன் ஆகிறான் என்று பலர் வியப்போடு கேட்பதுண்டு. முதன்மையான காரணம் நம் கோயில் திருமணங்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அந்நாள் தொடங்கி, முஸ்லிம் அல்லாதார் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும், பதிவில்லையேல் சட்டத்தின் கண்ணுக்கு அது திருமணம் அன்று. திருமணத்திற்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கில் கொள்ளப்படும் என்கிறது அரசியலமைப்பு. தாய் இந்நாட்டுக் குடிமகளாக இருந்தால் சிக்கல் பெரிதாகாது. தாய் வெளிநாட்டவராகவோ, ஆவணமே இல்லாதவராகவோ இருந்தால், தந்தையின் நீல அட்டை பிள்ளைக்குத் துணைவராது. பிள்ளை பிறந்தபின் ஓடோடிச் சென்று திருமணத்தைப் பதிந்தாலும், ஏற்கெனவே பிறந்த பிள்ளைக்கு அதனால் தானாகக் குடியுரிமை கிடைத்துவிடுவதில்லை. இதைத் திருமணத்திற்கு முன்பே சொல்ல வேண்டியவர்கள் யார்? பதிவுச் சான்றிதழைக் கண்ட பிறகே மணமேடையைத் தருவோம் என்று உறுதியாக நிற்கும் கோயில் நிருவாகங்கள் இருக்கின்றன. பாராட்டுகிறேன். எல்லாக் கோயில்களும் அவ்வாறு நிற்பதில்லை.

வேறு காரணங்களும் உள. தோட்டப்புறத்தில் வீட்டிலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள், பதியாமல் விடப்பட்ட பிறப்புகள், தாளையெல்லாம் கிராணியார் பார்த்துக்கொள்வார் என்றிருந்த தலைமுறை. பாட்டிக்குப் பத்திரமில்லை, அதனால் தாய்க்கு அட்டையில்லை, அதனால் பேரனுக்குக் குடியுரிமையில்லை என்று இது வழிவழியாக இறங்கி வருகிறது. உறவினரின் குழந்தையை வாங்கி வளர்த்து, தத்தெடுப்பை முறைப்படி பதியாமலே விட்டுவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் அலுவலக முகப்பில் அன்புக்குச் சான்று கேட்பார்கள். முறைப்படி தத்தெடுத்தாலும் குடியுரிமை கூடவே வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது; அதற்கு விண்ணப்பம் வேறு.

அரசும் சில முயற்சிகளை எடுத்துள்ளது. 2011இல் 'மைடஃப்தார்' இயக்கமும் 2017இல் அதன் பெரிய வடிவமும் நடத்தப்பட்டன. மக்கள் வரிசையில் நின்றனர், விண்ணப்பங்கள் குவிந்தன. இயக்கங்கள் வரும், போகும். பள்ளிக்கூடம் ஆண்டுதோறும் அதே இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 530 தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுக் கோப்பு புதிதாகத் திறக்கப்படுகிறது. இதைவிடச் சிறந்த பதிவு முகாமை யார் அமைக்க முடியும்?

இனி, நான் பெரிதும் அஞ்சும் செய்திக்கு வருகிறேன். குடியுரிமையற்ற பிள்ளைக்காகப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க, அரசியலமைப்பின் 15ஏ பிரிவு இடமளிக்கிறது. உள்துறை அமைச்சின் முடிவுக்கு உட்பட்ட விண்ணப்பம் அது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் கூறப்படாத மறுப்புக் கடிதத்தைப் பெற்று, மீண்டும் விண்ணப்பித்தவர்கள் பலர். இதற்கான வயது வரம்பு 21ஆக இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வரம்பை 18ஆகக் குறைக்கிறது. எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வாக்குச்சாவடியின் கதவு திறக்கும் அதே வயதில், இன்னொரு பிள்ளைக்கு விண்ணப்பக் கதவு சாத்தப்படுகிறது! அந்த வயதைக் கடந்தவர் வேறு பிரிவின்கீழ் விண்ணப்பிக்கும்போது, மலாய்மொழி அறிவையும் நெடுங்காலக் குடியிருப்பையும் மெய்ப்பிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியை முடித்துவிட்டு, வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் ஓட்டுநர் உரிமத்திற்கும் அடையாள அட்டை கேட்கப்படும்போது விழித்துக்கொள்ளும் இளைஞனுக்கு மீதமிருக்கும் காலம் சில மாதங்களே. முதலாம் ஆண்டிலேயே அறிந்துகொண்ட பெற்றோருக்கோ பதினோர் ஆண்டுகள் இருக்கின்றன. மறுக்கப்பட்டால் மறுபடியும் முயல அக்காலம் போதும்.

"ஆசிரியர்க்கு இருக்கும் சுமை போதாதா? இணையத்தில் தரவு ஏற்றுவதற்கே நேரமில்லை" என்று நண்பர்கள் கேட்கலாம். அச்சலிப்பு நியாயமானதே. நான் வழக்கறிஞர் வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை. பத்திரத்தை வாங்கும்போது ஒரு வரியைக் கூடுதலாகப் படியுங்கள் என்கிறேன். ஐயமிருந்தால் பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்திற்குத் துணையாகப் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கிறான் என்னும் உறுதிக் கடிதம் கேட்டால், நாளை வாருங்கள் என்று அலைக்கழிக்காமல் எழுதிக் கொடுங்கள். தினக்கூலி வாங்கும் தந்தைக்கு இன்னொரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். அரசு ஊழியர் அரசியலில் ஈடுபடலாமா என்று சிலர் தயங்குகின்றனர். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று சொல்வதுதான் அரசியல். பிறப்புப் பத்திரத்தைப் படித்துச் சொல்வது அன்று.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். "பத்திரம் இல்லாதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கேட்காதீர்கள். எழுந்து நிற்கும் அந்த ஒரு பிள்ளை, மறுநாள் பள்ளிக்கு வராமல் போகக்கூடும்.

ஆறாம் ஆண்டு இரண்டாவது வாய்ப்பு. பன்னிரண்டு வயது நிறைந்ததும் 'மைகார்டு' எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் நம்மைவிட்டுப் பிரியும் ஆண்டும் அதுவே. குடியுரிமையில் குறையில்லாத பிள்ளைகள்கூட, அழைத்துச் செல்ல ஆளின்றித் தள்ளிப்போடுகின்றனர். தந்தை லாரி ஓட்டுகிறார், தாய் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், பதிவிலாகா நகரத்தில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு நாள் வேன் ஏற்பாடு செய்து, பெற்றோர் ஒருவருடன் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் முடிந்துவிடும் வேலை இது. அட்டை எடுத்தாகிவிட்டதா என்று பள்ளியாண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வது வகுப்பாசிரியருக்கு அரைமணி நேர வேலை. பதினெட்டு வயதில் அவ்வட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி வைக்கலாம். விண்ணப்பித்துவிட்டு, வாங்க வராமல் விடப்பட்ட அட்டைகள் அலுவலகங்களில் கிடக்கின்றன.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முகவரியைக் கொண்டே தொகுதி முடிவாகிறது. தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும், அட்டையில் அந்த லயத்து முகவரியைச் சுமந்து திரியும் குடும்பங்கள் எத்தனை! பிள்ளை கிள்ளானில் இருப்பான். வாக்கு பேராவில் இருக்கும். பட்டியலில் பெயர் ஏறுவதற்குமுன் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டால் சரியான தொகுதியிலேயே பெயர் சேரும். ஏறிய பிறகு மாற்றினால், தொகுதி மாற்றத்திற்காகத் தேர்தல் ஆணையத்திடம் வேறு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அட்டையைக் கடன்காரரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டு வாக்குரிமையையும் சேர்த்து அடகு வைப்போருக்கு என்ன சொல்வது! பிறர் அட்டையை அவ்வாறு பிடித்து வைத்திருப்பது குற்றம் என்பதையாவது அறிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு அலமாரியைத் திறந்து உங்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குடியுரிமை வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது விளங்கவில்லையென்றால், வகுப்பாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். வரும்போது நகலை அன்று, மூலப் பத்திரத்தையே கொண்டு வாருங்கள். உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதையும்.