ஒரே பூட்டை நம்பிய தக்காளி

தேமல் வைரஸ்களிடமிருந்து தக்காளியை அரை நூற்றாண்டாகக் காத்தது ஒரே மரபணு: 'டிஎம்-2 ஸ்கொயர்'. வைரஸ் செல் விட்டு செல் நகர உதவும் புரதத்தை அடையாளம் கண்டு, செடியின் தற்காப்பை முடுக்கிவிடும்.

2014-ல் இஸ்ரேல் பசுமைக்குடில்களில் அந்தக் காவல் உடைந்தது. புதிய 'பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ்' வைத்திருந்த புரதம் சற்றே மாறியிருந்தது. மரபணுவுக்கு ஆள் தெரியவில்லை, அவ்வளவுதான்!

தொட்ட கையிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிப் பரவும் இது, விதை வழியே பல நாடுகளுக்குப் போய்விட்டது. சாப்பிடுபவருக்குப் பாதிப்பில்லை. கறை விழுந்த பழத்தை விற்க முடியாத விவசாயிக்குத்தான் அடி.

அப்போ, மரபணு வீணா? இல்லை. பழைய வைரஸ்களை இன்னும் தடுக்கிறது. ஒரே பூட்டை நம்பியதுதான் தப்பு. பல எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்த ரகங்களும், கறாரான விதைப் பரிசோதனையும் இனி கட்டாயம்.