வெயிட் ஏறவே மாட்டேங்குதா? டப்பா வாங்கும் முன் நோட்டைத் திறங்கள்!

"ஆறு மாசமா அதே 50 கிலோதான் மாஸ்டர், ஏறவே மாட்டேங்குது!" எந்த ஜிம்முக்குப் போனாலும் காதில் விழும் புலம்பல் இது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்கள் பலம் மளமளவென்று கூடும். தசையை முழுமையாக இயக்க நரம்புகள் பழகுவதே அதற்கு முக்கியக் காரணம். அந்த வேகம் குறைந்ததும் சிலர் பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். சிலர் புரோட்டீன் டப்பா, ஊசி என்று போய்விடுகிறார்கள். இரண்டுமே தவறான தொடக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காயமடைந்த வீரர்களுக்கு எடைப் பயிற்சி மூலம் சிகிச்சை அளித்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம். எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதே அவருடைய முறை. ஆரம்பத்தில் 7 செட், 10 செட் என்று செய்ய வைத்தவர், 1948-ல் அதை 3 செட்டாகக் குறைத்தார். 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியாக முழு எடை. அதாவது, பலன் வேண்டும் என்பதற்காகப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை.

சரி, என்ன மாற்றலாம்? முதலில், தூக்கிய எடை, எத்தனை முறை, எத்தனை செட் என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். 3 செட்டிலும் 8 முறை முடிகிற எடையில் தொடங்கி, 12 முறை வரை வரலாம். அது வந்ததும் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றி, மீண்டும் 8-லிருந்து ஆரம்பிக்கலாம். கனமான செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிட ஓய்வு தேவை. அதே தசைக்கு மறுபடி வேலை கொடுக்க இரண்டு நாள் இடைவெளி நல்லது. களைப்பு சேர்ந்துவிட்டால் ஒரு வாரம் எடையைக் குறைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது நான்கு வாரமாவது பார்க்க வேண்டும். வாரா வாரம் பயிற்சியையே மாற்றினால், எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும். உடம்பு வலித்தால்தான் தசை வளரும் என்பதும் தப்புக் கணக்கு. மூட்டில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. சாதாரண வாழ்க்கைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். எடைப் பயிற்சி செய்பவருக்குச் சுமார் 1.6 கிராம் போதுமானது. முட்டை, பருப்பு, மீன், பாலிலேயே இதில் பெரும்பகுதியை எட்டலாம். டப்பா அவசியமில்லை. ஸ்டீராய்டு ஊசியோ இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். உடல் தானே ஹார்மோன் சுரப்பதையும் முடக்கிவிடும்.

ஜிம்மில் சேரும் அன்றே மாஸ்டர்கள் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தால், பாதிப் பேர் ஊசி பக்கம் போகவே மாட்டார்கள்.