அக்காள் மகளின் சனி, ஞாயிறு

சனிக்கிழமை விடிந்தால் கோலாலம்பூர் எங்கள் கேமரன்மலைக்கு ஏறி வந்துவிடும். ரிங்லெட்டில் தொடங்கி பிரிஞ்சாங் வரை கார் வரிசைதான். ஸ்ட்ராபெரி வாங்கி, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்து, ஞாயிறு சாயங்காலம் இறங்கிப் போவார்கள். அந்த நெரிசலில் தோட்டத்து ஜனங்கள் தானா ராத்தா கடைக்குப் போய் வரவே அரை நாள் ஆகிவிடும்.

போன வாரம் நான் எதிர்த்திசையில் போனேன்.

அக்காள் மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை. போனில் கேட்டால், “லைப்ரரியில் இருக்கேம்மா” என்பாள். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அக்காளை உறுத்தியது அந்தச் சிரிப்புதான்.

“படிக்கப் போனாளா, ஊர் சுத்தப் போனாளா? நீ ஒரு எட்டு பார்த்துட்டு வா” என்று ஒரு டின் முறுக்கையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அக்காளைக் குறை சொல்ல மாட்டேன். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. மகளுக்குப் பிடிபிடிபிஎன் கடன் வேறு. 1929இல் இந்த மலையில் தேயிலை வைக்க ஆரம்பித்த காலத்திலிருந்து கணக்குப் போட்டாலும், எங்கள் குடும்பத்தில் ‘வீக்கெண்ட்’ என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. எங்கள் அம்மாவுக்குச் சனிக்கிழமையும் பிரட்டு உண்டு. ஞாயிறு என்றால் துணி, விறகு, லயத்துக் கால்வாய் கழுவுவது.

தாப்பா சாலை வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, திருடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள் பிள்ளை. பசியாற வைத்த கையோடு வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். வார்சிட்டி ஏரியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விடுதிக் கலைவிழாவுக்கு இவளும் மூன்று தோழிகளும் ஆட்டம் பழகினார்கள். ஒருத்தி சீனப் பெண், ஒருத்தி கிளந்தான்காரி. தப்பு அடிக்குக் கிளந்தான்காரியின் கால்தான் சரியாக விழுந்தது.

நூலகத்துக்கும் போனோம். அங்கே தமிழ் நூல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ.சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியது இந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்காகத்தான். தோட்டத்துப் பாட்டாளிகளும் கூலிக் காசில் கிள்ளிக் கொடுத்தார்கள். சொன்னேன். “அப்போ இது நம்ம காசும்தானே சித்தி?” என்று ஒரு புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். லைப்ரரியில் இருப்பது முழுப் பொய் இல்லை. அவள் வழக்கமாக உட்காரும் மேசையைக்கூடக் காட்டினாள்.

சாயங்காலம் எல்ஆர்டி. ஓட்டுநர் இல்லாத ரயில். முன் கண்ணாடியை ஒட்டிய இடத்துக்கு நான்கு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள். மாதம் 50 வெள்ளி பாஸ் இருப்பதால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் செலவில்லையாம். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கித் துன் சம்பந்தன் சாலையில் தோசை சாப்பிட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கியவரின் பெயரில் உள்ள சாலை அது. இதையும் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகள் பில்லைச் சென் சென்னாகப் பிரித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். ஒருத்திக்கு இருபது சென் குறைந்தது, அதற்கு ஒரு பெரிய பஞ்சாயத்து!

ஞாயிறு காலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் பிடித்துப் பத்துமலை. 272 படி. யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் வைத்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் மலைக்காரி நிற்காமல் ஏறினாள். நான் ஒருவழியாக மேலே போனபோது தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாகிட்ட ஏன்டி மறைக்கிறே?”

“நான் சிரிச்சு ஆடிட்டு இருக்கிற சனிக்கிழமையில அம்மா சரிவுல கத்தரியோட நிப்பாங்க சித்தி. எப்படிச் சொல்றது? படிக்கிறேன்னு சொன்னா அவங்களுக்கும் நல்லா இருக்கும், எனக்கும் உறுத்தாது.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “போன் போடு” என்றேன்.

வீடியோவில் அக்காள் வந்தாள். பின்னால் கொடியில் துணி. மகள் போனைத் திருப்பிப் படிகளைக் காட்டினாள், குரங்குகளைக் காட்டினாள், மூச்சிரைக்க ஏறி வந்த தோழிகளைக் காட்டினாள். ஆட்டம், தோசை, இருபது சென் பஞ்சாயத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அக்காள் பேசவே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

“அந்தச் சிரிப்புச் சத்தம் இவங்கதானா?” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா.”

“முறுக்கை எல்லாருக்கும் குடுத்தியா?”

“குடுத்தேம்மா.”

“ஆமா, ஓட்டுற ஆள் இல்லாம ரயில் எப்படிடி போகும்? அடுத்த மாசம் சம்பளம் போட்டதும் வர்றேன். அந்த முன்னாடி இடத்தை எனக்குப் பிடிச்சு வை.”